எதிர்த்திசை பார்க்கும் சோடி

கிண்ணியா
11.02.1972

அன்புள்ள மருமகன் அபூதாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் மாமியும் ஸல்ஹாவும் சுகம். கண்டிப் பக்கத்துக் குளிர் உன் நெஞ்சுக்கு ஒத்துவருகிறதா? உன் உம்மா இருந்திருந்தால் கம்பளிச் சட்டை போட்டாயா என்று மூன்று தரம் கேட்டிருப்பாள். என் தங்கச்சி இல்லாத குறைக்கு நான் ஒரு தரம் கேட்கிறேன்.

என் கண்ணில் பூ விழுந்து எல்லாம் புகையாகத் தெரிகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல ஸல்ஹா எழுதுகிறாள். (எழுதுவது நான்தான் மச்சான். வாப்பா சொல்வதில் பாதியைத்தான் எழுதுகிறேன். மீதி தபாலில் போடக்கூடிய பேச்சு இல்லை.)

விசயம் இதுதான். விதைக்கென்று முற்றவிட்ட வெண்டியில் ஒரு சிவப்பு வண்டு வந்து குடியேறியிருக்கிறது. காயில் கொத்துக் கொத்தாக மொய்க்கிறது. காயை உடைத்தால் உள்ளே விதை சூம்பிப்போய்க் கிடக்கிறது. இந்த விதையை நம்பித்தான் அடுத்த போகம். நம் வளவுக்கும் உன் உம்மாவின் வளவுக்கும் நடுவில் நிற்கும் பூவரசு வேலியில்தான் அது முதலில் கண்டது. வேலியை அடியோடு வெட்டி எறிந்தால் சனியன் ஒழியும் என்று பார்க்கிறேன். ஆனால் பாதி வேலி உன்னுடையது. உன்னைக் கேட்காமல் கத்தி வைக்க ஏலாது.

நீ பூச்சி பார்க்கிற அரசாங்கக் கந்தோரில் வேலையில் இருக்கிறாய். இது என்ன என்று பார்த்துச் சொல். நெருப்புப்பெட்டிக்குள் நாலைந்தை அடைத்து அனுப்பியிருக்கிறேன். (அடைத்தது நான். பஞ்சு வைத்திருக்கிறேன், கால் முறியாமல் வந்து சேர்ந்ததா என்று எழுதுங்கள்.)

இப்படிக்கு,
மாமா முஹம்மது தம்பி

கன்னொறுவை
20.02.1972

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். கம்பளிச் சட்டை போடுகிறேன். மாமிக்கும் எழுதுகிறவருக்கும் என் ஸலாம்.

தபால் கந்தோரில் நெருப்புப்பெட்டியின் மேலேயே முத்திரை குத்தியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் பஞ்சின் புண்ணியத்தில் இரண்டு முழுசாக வந்தன. இது வண்டு அல்ல மாமா. வண்டுக்குக் கடிக்கிற தாடை இருக்கும். முதுகில் இரண்டு ஓடும் நடுவில் நேர்கோடாக மூடியிருக்கும். இதற்குத் தாடை இல்லை, ஊசிதான். வயிற்றோடு மடித்து வைத்திருக்கும். இறக்கைகள் முதுகில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குறுக்குக் கோடு போட்டிருக்கும். இது மூட்டைப்பூச்சியின் இனம். கட்டிலில் இருப்பது மனுசரைக் குடிக்கும், இது விதையைக் குடிக்கும்.

அடையாளம்: கழுத்தில் வெள்ளைக் கோடு. இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளி. புரட்டிப் பார்த்தால் வயிற்றில் சிவப்பும் வெள்ளையுமாக வரி. விடியற்காலையில் குளிருக்கு விறைத்துப்போயிருக்கும்போது தட்டி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் உள்ள தகரப் பேணிக்குள் விழுத்துங்கள். விழுந்து கிடக்கும் பூவரசங்காய்களைக் கூட்டி எரியுங்கள். வேலியை வெட்ட வேண்டாம். எனக்கு அந்த வேலி வேண்டும்.

பஞ்சு வைத்தவரிடம் சொல்லுங்கள், கால் ஒன்றும் முறியவில்லை.

தங்கள் மருமகன்,
அபூதாஹிர்

கிண்ணியா
04.03.1972

அன்புள்ள மருமகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் சுகம். உன் சுகத்துக்குத் துஆச் செய்கிறோம்.

நீ சொன்னபடி பேணியும் கையுமாகத் திரிகிறோம். மாமி மண்ணெண்ணெய்க்குப் புறுபுறுக்கிறாள். விளக்குக்கு இல்லாத எண்ணெய் பூச்சிக்கா என்கிறாள். வேலி உனக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நீ என்ன ஆடா வளர்க்கப்போகிறாய்? சரி, நிற்கட்டும்.

ஸல்ஹா ஒரு புதுக்கதை சொல்கிறாள். இதில் இரண்டு சாதி இருக்கிறதாம். எனக்குச் சிவப்பென்றால் சிவப்புத்தான், எல்லாம் பேணிக்குள் போகட்டும். அவள் கேட்கிறாள் இல்லை. (இருக்கிறது மச்சான். கொஞ்சம் பெரிசு. புள்ளி இல்லை, வயிற்றில் வெள்ளை வரியும் இல்லை. கூட்டத்தோடு சேராமல் தனியே திரிகிறது. ஒரு புள்ளிக்காரனும் ஒரு புள்ளியில்லாததும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றா, வேறா?)

நோன்புப் பெருநாளைக்காவது வருவாயா? போன வருசமும் அதற்கு முந்திய வருசமும் வரவில்லை. பூட்டிக் கிடக்கிற உன் வீட்டுக்கு இவள்தான் வெள்ளிக்கிழமைகளில் முற்றம் கூட்டுகிறாள்.

இப்படிக்கு,
மாமா

கன்னொறுவை
13.03.1972

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். நான் சுகம், தங்கள் சுகமறிய ஆவல். நாளை அம்பாந்தோட்டைப் பக்கம் பருத்திக் காணி பார்க்கப் போகிறோம். அவசரமாக எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

பெட்டியில் வந்த இரண்டும் ஒட்டியபடியே செத்திருந்தன. அது ஆணும் பெண்ணும், சோடி. பெரியது பெண்ணாக இருக்கும், நிறத்தில் இப்படிச் சின்ன வித்தியாசம் வருவதுண்டு. எல்லாவற்றையும் பேணிக்குள் போடுங்கள்.

முற்றம் கூட்டுகிறவருக்கு நான் என்ன சொல்ல? எனக்குத் தெரியாமல் போயிற்று.

அபூதாஹிர்

கிண்ணியா
02.05.1972

அன்புள்ள மருமகன் அபூதாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமிக்கு முழங்கால் வலி, மற்றப்படி சுகம். நீ அம்பாந்தோட்டை வெயிலில் கறுத்துப் போயிருப்பாய்.

உன் சொல்லைக் கேட்டு எல்லாவற்றையும் பிடித்துப் போட்டோம். முந்தி நூறு இருந்த இடத்தில் இப்போது ஆயிரம். மாமரத்தடியில் இருந்து ஊர்ப் பெரிசுகள் சிரிக்கிறார்கள், ஒபிசர் மருமகன் நல்லா வளர்க்கிறான் என்று. (மச்சான், நான் வெண்டியடியில் குந்தியிருந்து பார்த்தேன். நீங்கள் எழுதியது சோடி இல்லை. புள்ளியில்லாதது புள்ளிக்காரனின் முதுகில் ஊசியைக் குத்தி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. விட்டபோது வெறும் கோதுதான் கிடந்தது. நமக்கு உதவிக்கு வந்ததை நாமே கொன்றுவிட்டோம். எனக்கு அழுகை வந்தது. பூச்சிக்கு அழுகிறாயா என்று உம்மா ஏசினா.)

இனி முக்கியமான விசயம். (எழுது, எழுது என்கிறார் வாப்பா.) ஸல்ஹாவுக்கு மூதூரில் ஒரு மாப்பிள்ளை கேட்டிருக்கிறோம். பெயர் றஊப். திருகோணமலைத் துறைமுகத்தில் தேயிலையைக் கப்பலில் ஏற்றும்போது பெட்டிக்கு அடையாளம் போடுகிற வேலை. தொழுகையாளி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய தாய்மாமன் பள்ளிவாசல் மரைக்கார். நாங்கள் போய்க் கேட்டோம், ஓம் என்கிற மாதிரித்தான் கதைத்தார்கள். நோன்புக்கு முந்தி முடித்துவிட நினைக்கிறேன்.

உன்னைக் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை வருசமும் மனதில் இருந்தது. மாப்பிள்ளை கேட்கிறதென்றால் பெண் வீட்டுக்காரன் மகளுக்குக் கொடுக்கிற வீட்டைக் காட்டித்தான் கேட்க வேண்டும். இந்தக் கிடுகுக் கூரையைக் காட்டி ஒரு அரசாங்க உத்தியோகத்தனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தங்கச்சி மகன் என்று உரிமை எடுத்தால் நீ மறுக்க ஏலாமல் தலையாட்டுவாய். அது பாவம். (இந்தப் பந்தியை வெட்டு புள்ள என்கிறார். வெட்டினால் தாள் அசிங்கமாகும். வெட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.)

இப்படிக்கு,
மாமா முஹம்மது தம்பி

கன்னொறுவை
03.05.1972

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். நேற்றுத்தான் அம்பாந்தோட்டையிலிருந்து திரும்பினேன். கறுத்துத்தான் போனேன், சுகத்துக்குக் குறையில்லை. உங்களிடமிருந்து கடிதம் ஒன்றும் வந்து கிடக்கவில்லை.

முதல் வேலையாக மார்ச்சில் நீங்கள் அனுப்பிய பெட்டியை மறுபடி திறந்து பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். என் கண்ணில் கொள்ளி வைக்க வேண்டும். அது சோடி இல்லை. பருத்திக் காணியில் உண்மையான சோடிகளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது.

உண்மையான சோடி வாயால் ஒட்டாது. பின்பக்கத்தால் ஒட்டி, இரண்டும் எதிர்த்திசை பார்த்து நிற்கும். ஒன்று முன்னுக்கு நடந்தால் மற்றது பின்னுக்கு நடக்கும். முகம் பார்க்க ஏலாது, ஆனால் நாள்கணக்காக விடாது. நீங்கள் அனுப்பியதில் ஒன்றின் ஊசி மற்றதன் முதுகில் ஏறியிருந்தது. புள்ளியில்லாத பெரியது, புள்ளிக்காரனைத் தின்று வாழ்வது. பார்வைக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும், செய்வது வேட்டை. இனி அதைத் தொட வேண்டாம். புள்ளியும் வெள்ளைக் கழுத்தும் உள்ளதை மட்டும் பேணியில் போடுங்கள். இரண்டு சாதி என்று முதலிலேயே சொன்னவருடைய பேச்சைக் கேட்காதது என் மடைத்தனம். அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நோன்புப் பெருநாளைக்கு நிச்சயம் வருவேன். உங்களிடம் நேரில் கதைக்க ஒரு விசயம் இருக்கிறது.

அபூதாஹிர்

கிண்ணியா
29.05.1972

அன்புள்ள மருமகனுக்கு,

ஸலாம். சுகம். உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. புள்ளியில்லாதவனை இப்போது ராசா மாதிரி வைத்திருக்கிறோம். ஆனால் மாப்பிள்ளை விசயத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நல்லதோ கெட்டதோ, என் ஒரே மருமகனின் வாயால் கேட்க வேண்டும். மூதூர்க்காரர் நாள் குறிக்க அடுத்த மாதக் கடைசியில் வருகிறார்கள். (நேரில் கதைக்க என்ன விசயம் என்று வாப்பா யோசிக்கிறார். வேலி விசயமாக இருக்கும் என்றேன். வேலி விசயம்தானா மச்சான்?)

மாமா

கன்னொறுவை
21.06.1972

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். பதில் பிந்தியதற்கு வேலை காரணம் என்று எழுதலாம். அது பொய். என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை நல்ல இடம் என்றால் நல்லதுதான். தாங்கள் ஆராயாமல் செய்ய மாட்டீர்கள். அல்லாஹ் பரக்கத் செய்வான்.

வாசிக்கிறவர் இந்தப் பந்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டாம். ஸல்ஹா, நீ வெட்டாமல் விட்டதை வாசித்தேன். ஒரு நாளுக்குப் பத்துத் தரம் வாசிக்கிறேன். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பெண் வீட்டார்தான் வந்து கேட்க வேண்டும். ஆண் தன் வாயால் கேட்டால், இவன் வீடு கேட்கிறான் என்பார்கள். மாமாவிடம் இருக்கிற அந்தக் கூரையையும் நான் கேட்டேன் என்று பெயர் வரக்கூடாது. மாமாவாகக் கேட்பார், கேட்பார் என்று இருந்தேன். அவர் நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று இருந்திருக்கிறார். பெருநாளைக்கு வந்து எப்படியாவது கதைக்கலாம் என்றிருந்தேன், அதற்கும் முந்திவிட்டார்கள். வேலி எனக்கு எதற்கென்று கேட்டார் மாமா. அதற்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய், அதற்குத்தான். பெட்டி வந்தால் நான் பூச்சியைப் பார்க்க முன் பஞ்சைத்தான் பார்ப்பேன். எதிர்த்திசை பார்த்து நிற்கிற சோடியைப் பற்றி எழுதினேனே, அது பூச்சியைப் பற்றித்தான், ஆனால் பூச்சியைப் பற்றி மட்டும் இல்லை. உன்னை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. உனக்கும் மனமில்லை என்றால், அடுத்த பெட்டியில் பூச்சி வைக்காமல் பஞ்சை மட்டும் வைத்து அனுப்பு. உனக்குச் சம்மதம்தான் என்றால் ஒன்றும் அனுப்ப வேண்டாம். நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

இனிச் சத்தமாக வாசிக்கலாம். மாமா, வெண்டி விதையை நிழலில் காயவையுங்கள்.

அபூதாஹிர்

கிண்ணியா
02.07.1972

மருமகன் அபூதாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை, இருந்தாலும் சுகமாக இரு. இதை எழுதுவது ஸல்ஹா இல்லை. தபால் கந்தோர் வாசலில் மனு எழுதுகிற கனகரத்தினத்தார். அவளை எழுதச் சொல்ல இது அவளுக்குரிய கடிதமில்லை.

உன் கடிதம் வந்தது எப்போது தெரியுமா? மூதூர்க்காரர் நாள் குறிக்க வந்து, பாயில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது. ஸல்ஹா வழக்கப்படி அறைக்குள். தபால்காரன் கையில் தந்துவிட்டுப் போனான். மருமகனின் கடிதம், நல்ல வார்த்தை எழுதியிருப்பான், சபையில் எல்லோரும் கேட்கட்டும் என்று நான்தான், இந்தக் கிழட்டுக் கழுதைதான், மாப்பிள்ளையின் தாய்மாமன் மரைக்காரின் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். (கழுதை என்பதை விட்டுவிடுவோம் என்றேன், மாட்டேன் என்கிறார். – க.)

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளியில் குத்பா ஓதுகிற குரலில் வாசித்தார். "வாசிக்கிறவர் இந்தப் பந்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டாம்" என்பதையும் சத்தமாகவே வாசித்தார். வாசிக்கிற வேகத்தில் மனுசனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "ஸல்ஹா" என்று வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் நடுவில் விட்டால் இன்னும் கேவலம் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசி வரைக்கும் வாசித்து, வெண்டி விதையை நிழலில் காயவையுங்கள் என்று முடித்து, கடிதத்தை மடித்து என் மடியில் வைத்தார். என் மானம் கப்பலேறிவிட்டது. பாய்க்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

அறைக்குள் இருந்து மாமி வந்தாள். கையில் நெருப்புப்பெட்டி. "புள்ள தந்தவள், தபாலில போடட்டாம்" என்று என் கையில் வைத்தாள். என் கண்ணுக்குத் தெரியாது. மரைக்கார்தான் வாங்கித் திறந்து பார்த்தார். "முஹம்மது தம்பி, இதுக்குள்ள பூச்சி இல்ல, பஞ்சுதான் கிடக்கு" என்றார். பிறகு சிரித்தார் அபூதாஹிர், அந்த மனுசன் சிரித்தார். "நாங்க வந்த வீடு நல்ல வீடு. ஆனா இங்க ஏற்கெனவே ஒரு சோடி இருக்கு. றஊபுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்" என்றார். தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன்.

உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. என்மேல் அதைவிடக் கூட. இரண்டு ஆம்பிளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து மரியாதை காத்ததில் என் பிள்ளை தன் கலியாணத்தைத் தன் கையாலேயே எழுதினாள். அவளுடைய எழுத்து ஒரு இடத்திலாவது நடுங்கியிருந்ததா? எனக்குக் கண் தெரியாது, நீயாவது பார்த்திருப்பாய்.

இப்போது முறைப்படி கேட்கிறேன். என் மகள் ஸல்ஹாவுக்கு உன்னை மாப்பிள்ளையாகக் கேட்கிறேன். என்னிடம் கல்வீடு இல்லை. கிடுகு வீடும், ஒரு வெண்டித் தோட்டமும், பூவரசு வேலியும்தான். சம்மதம் என்றால் அந்த வேலியை வெட்டி இரண்டு வளவையும் ஒன்றாக்குவேன். இல்லையென்றால் இல்லை என்று எழுது. சுற்றி வளைக்காதே.

மாமா முஹம்மது தம்பி

(நெருப்புப்பெட்டியை இத்துடன் வைத்திருக்கிறேன். தபால் மாஸ்டரிடம் சொல்லி, பெட்டி நசியாதபடி ஓரமாக முத்திரை குத்துவித்தேன். – க.)

கன்னொறுவை
09.07.1972

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இந்தக் கடிதத்தை யார் வாசித்தாலும் சத்தமாக வாசிக்கட்டும்.

ஓம்.

அவருடைய எழுத்து நடுங்கியிருந்தது மாமா. "மூதூர்" என்ற இடத்தில். நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

வேலியை முழுதாக வெட்ட வேண்டாம். புள்ளியில்லாதவன் அதில்தான் தங்குவான். ஒரு ஆள் வந்துபோகிற அளவுக்கு வெட்டினால் போதும். லீவு ஆவணிக் கடைசியில்தான் தருவார்களாம். அதற்கு முந்தித் தரச்சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பெட்டி பத்திரமாக வந்தது. பஞ்சு என் சட்டைப் பையில் இருக்கிறது.

அபூதாஹிர்

கிண்ணியா
20.07.1972

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, உம்மா, நான் மூவரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

இதை வாப்பா சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். அவர் பக்கத்தில் கதிரையில் இருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், பூச்சி என்றேன். அவ்வளவு நீளமான பூச்சியா என்றார். இத்தனை மாதமும் சொல்ல வந்ததையெல்லாம் அடைப்புக்குறிக்குள் எழுதிப் பழகிவிட்டேன். இப்போது குறி போடாமல் எழுதக் கை வருகுதில்லை. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது மச்சான். முகத்தைப் பார்க்க வேண்டும். எதிர்த்திசை பார்த்து நின்றது போதும்.

வெண்டி விதை நிழலில் காய்கிறது. பாதிக்கு மேல் தேறும். பூவரசில் ஒரு மரத்தை மட்டும் வாப்பா வெட்டினார். தடவித் தடவித்தான் வெட்டினார், கத்தியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த இடைவெளியால் பார்த்தால் உங்கள் குசினிக் கதவு தெரிகிறது. இன்று காலை அதால் போய், கதவைத் திறந்து, அடுப்படியைக் கூட்டிக் கழுவிவிட்டு வந்தேன். இன்று வெள்ளிக்கிழமை இல்லை.

ஆவணிக் கடைசி இன்னும் கன தூரம். வருகிற அன்று கண்டியில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கிண்ணியாத் துறையில் பாதைப் படகு பொழுதுபட்டால் ஓடாது, அக்கரையில் நின்று போய்விடுவீர்கள்.

ஸல்ஹா